பழைய டிவியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டினால் கேபிளை நிறுத்திவிடலாமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முழு விவரம்!

மாதம் பிறந்தால் வாசலில் கேபிள்காரர். போனில் பிராட்பேண்ட் பில். இடையில் ஏதோ ஒரு ஓடிடி-க்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் பணம். ஒரே ஒரு டிவிக்கு மூன்று இடத்தில் பணம் கட்டும் வீடுகள் இன்று ஏராளம். "ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டிட்டா கேபிளே வேண்டாமாமே?" என்ற பேச்சு இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது.

அது உண்மையா? சில வீடுகளுக்கு உண்மை. சில வீடுகளில் கேபிளை நிறுத்திய பிறகு செலவு முன்பைவிடக் கூடிவிடுகிறது. வேறு சில வீடுகளில் பணம் மிச்சமாகும், ஆனால் டிவியை ஆன் செய்யவே அம்மாவும் அப்பாவும் பேரனைத் தேட வேண்டிய நிலை வந்துவிடும். எனவே வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எங்கெல்லாம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்றால் என்ன?

பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு குட்டி கம்ப்யூட்டர். உள்ளே பிராசஸர், மெமரி, வைஃபை எல்லாம் உண்டு. டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் செருகி, மின்சார இணைப்பு கொடுத்து, வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால், ஸ்மார்ட் இல்லாத டிவியிலும் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகள் ஓடும். டிவி வெறும் திரையாக மட்டும் இருக்கும். மூளை வேலை முழுவதையும் ஸ்டிக் பார்த்துக்கொள்ளும்.

இந்த வகைக் கருவிகள் புதிதல்ல. அமெரிக்காவில் 2008-ல் ரோக்கு நிறுவனம் முதல் பிளேயரை நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பதற்காகவே வெளியிட்டது. 2013-ல் கூகுள் குரோம்காஸ்ட் வந்தது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவுக்கு 2017-ல் வந்தது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ ஆகிய இரண்டும் அதற்கு முந்தைய ஆண்டான 2016-ல்தான் இந்தியாவில் கால் வைத்திருந்தன. பார்க்க ஆளும் படமும் சேர்ந்த பிறகே ஸ்டிக்குக்கு இங்கே தேவை வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

கேபிளில் எல்லா சேனலும் எப்போதும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் எண்ணை அழுத்தினால் செட்டாப் பாக்ஸ் அதில் ஒன்றைத் திறந்து காட்டும். ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. நீங்கள் கேட்கும் வீடியோ மட்டும், சில வினாடிகள் நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக இணையம் வழியே வரும். ஒரு துண்டு திரையில் ஓடும்போதே அடுத்த சில துண்டுகளை ஸ்டிக் வாங்கி வைத்துக்கொள்ளும்.

இணையம் வேகமாக இருந்தால் தெளிவான துண்டு வரும். வேகம் குறைந்தால் மங்கலான துண்டு வரும். அதனால்தான் படம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவாகிறது. சேமித்து வைத்த துண்டுகளும் தீர்ந்துபோனால் நடுத்திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அதைத்தான் 'பஃபரிங்' என்கிறோம்.

நேரலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. துண்டாக்கி, அனுப்பி, சேர்த்துக் காட்டுவதற்குப் பல வினாடிகள் ஆகும். பக்கத்து வீட்டில் கேபிளில் கிரிக்கெட் ஓடினால், அங்கே சிக்ஸர் சத்தம் கேட்கும்போது உங்கள் டிவியில் பவுலர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பார். இது ஸ்டிக்கின் குறைபாடு இல்லை. இணைய நேரலையின் இயல்பே அதுதான்.

உங்கள் டிவிக்குப் பொருந்துமா?

முதலில் டிவியின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் பாருங்கள். இரண்டு ஓரமும் சற்று உள்வாங்கிய, தட்டையான ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் போதும். எல்சிடி, எல்இடி டிவிகளில் பெரும்பாலும் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் கொடுக்கப்பட்ட 14 அங்குல டிவிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருகும் ஏவி போர்ட் இருந்தால், ஹெச்டிஎம்ஐ-யை ஏவி-யாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் போடலாம். ஆனால் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஓடிடி நிறுவனங்கள் நகலெடுப்பைத் தடுக்க வைத்திருக்கும் பாதுகாப்பு முறையால், சில கன்வெர்ட்டர்களில் யூடியூப் ஓடும், சந்தா கட்டிய படம் கறுப்புத் திரையாக நிற்கும். அகலத்திரைப் படத்தைச் சதுரத் திரையில் சுருக்குவதால் எழுத்துகளைப் படிக்கவும் கஷ்டமாக இருக்கும். அந்த டிவிக்கு ஸ்டிக்குக்குச் செலவழிப்பதைவிட, பணத்தைச் சேர்த்து டிவியையே மாற்றுவது நல்லது.

மின்சார இணைப்பும் முக்கியம். "டிவியிலேயே யுஎஸ்பி போர்ட் இருக்கே, அதுல குத்திக்கலாம்" என்று பலரும் செய்கிறார்கள். பழைய டிவிகளின் யுஎஸ்பி போர்ட் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு அது போதாமல், படம் பார்க்கும்போதே அணைந்து அணைந்து எரியும். பெட்டியில் கொடுக்கப்படும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுவதுதான் சரி. எனவே டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் காலியாக இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஸ்மார்ட் டிவி இருந்தால் ஸ்டிக் தேவையா?

டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் தேவையே இல்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டு பழைய ஸ்மார்ட் டிவிகளில் ஒரு பிரச்சினை வருகிறது. திரை நன்றாக இருக்கும். ஆனால் செயலி திறக்க நேரமெடுக்கும், 'இந்தக் கருவியில் இனி இந்தச் செயலி இயங்காது' என்ற அறிவிப்பு வரும். அப்போது டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டிக் ஒன்று மாட்டினால் அதே திரை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

ஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் குரோம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. 2025 மார்ச்சில், இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் நின்றன. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்ததே காரணம். சில நாட்களில் கூகுள் அதைச் சரி செய்தது. கருவி கெடாவிட்டாலும் மென்பொருள் ஆதரவு நின்றால் அது வெறும் பிளாஸ்டிக்தான். ஆகவே யாரோ பயன்படுத்திய பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட வேண்டாம்.

எதைத் தேர்வு செய்வது?

இந்தியாவில் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி மென்பொருளில் ஓடும் ஷாவ்மி போன்றவற்றின் கருவிகள், விலை அதிகமான ஆப்பிள் டிவி ஆகியவை கிடைக்கின்றன. உங்கள் டிவி 4கே என்றால் மட்டும் 4கே ஸ்டிக் பார்க்கலாம். சாதாரண ஹெச்டி டிவிக்கு 4கே ஸ்டிக் வாங்கினால் படம் 4கே ஆகாது.

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டில் பார்க்கும் நிகழ்ச்சிகளை எழுதிக்கொள்ளுங்கள். சன் குழும சேனல்களின் நிகழ்ச்சிகள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் நிகழ்ச்சிகள் ஜீ5-ல் கிடைக்கும். தமிழ்ச் செய்தி சேனல்கள் பலவும் யூடியூபில் 24 மணி நேரமும் இலவச நேரலை தருகின்றன. பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி 2024 நவம்பரில் வந்தது. அதில் டிடி தமிழ் உள்ளிட்ட தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம். உங்களுக்குத் தேவையான செயலிகள் அந்த ஸ்டிக்கில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று. ஃபைபர் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் திட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்கள் சில திட்டங்களில் செட்டாப் பாக்ஸையும் ஓடிடி சந்தாக்களையும் சேர்த்தே கொடுக்கின்றன. பிஎஸ்என்எல் நிறுவனமும் ஃபைபர் வழியாக லைவ் சேனல்கள் தரும் ஐஎஃப்டிவி சேவையை 2024 இறுதியில் தொடங்கியபோது முதலில் கொண்டுவந்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏற்கெனவே கட்டும் பணத்துக்குள்ளேயே கிடைப்பதற்குத் தனியாக இன்னொரு முறை செலவழிக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட் எவ்வளவு வேகம் வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ஹெச்டி-க்கு 3 எம்பிபிஎஸ், ஃபுல் ஹெச்டி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் தேவை. இது ஒரு டிவிக்கு மட்டும். அதே நேரம் ஒருவர் வீடியோ காலில், இன்னொருவர் கேமில் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேகத்தைவிட டேட்டா கணக்கில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹெச்டி-யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரையும், 4கே-யில் 7 ஜிபி வரையும் செலவாகும். போனில் நாளுக்கு 2 ஜிபி வரும் ரீசார்ஜை ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்தால், ஹெச்டி-யில் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சினிமாவில் இடைவேளைகூட வந்திருக்காது. தினமும் 4 மணி நேரம் ஹெச்டி-யில் டிவி ஓடும் வீட்டுக்கு மாதம் சுமார் 360 ஜிபி வேண்டும். ஆகவே வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல், மொபைல் டேட்டாவை மட்டும் நம்பி ஸ்டிக் வாங்குவது வேண்டாத வேலை.

இணைப்பது எப்படி?

முதலில் ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் செருகுங்கள். இடம் நெருக்கடியாக இருந்தால் பெட்டியில் இருக்கும் சின்ன நீட்டிப்பு ஒயரைப் பயன்படுத்துங்கள். வைஃபை சிக்னலும் அப்போது கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும்.

அடுத்து அடாப்டரை மாட்டி டிவியை ஆன் செய்து, டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி, ஸ்டிக் இருக்கும் ஹெச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'நோ சிக்னல்' என்று வந்தால் பாதி நேரம் இந்த எண் மாறியிருப்பதுதான் காரணம்.

பிறகு திரையில் சொல்வதுபடி ரிமோட்டை இணைத்து, வைஃபை பாஸ்வேர்டு கொடுத்து, அமேசான் அல்லது கூகுள் கணக்கில் நுழையுங்கள். முதல் முறை அப்டேட் ஆக நேரமெடுக்கும். நடுவில் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர் தெரிந்தால், டிவி அதே அறையில் இருக்கும்போது 5-ஐயும், நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4-ஐயும் முயன்று பாருங்கள்.

பணம் பறிபோகும் இடம் இதுதான்!

செயலியில் நுழையும்போது டிவி திரையில் ஒரு குறியீடு வரும். அதைப் போனில் கொடுக்கச் சொல்லும். இங்கேதான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். 'டிவி ஆக்டிவேஷன்' என்று தேடினால், நிறுவனத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்த போலி இணையதளங்களும், போலி வாடிக்கையாளர் சேவை எண்களும் கண்ணில் படும். அந்த எண்ணுக்கு அழைத்தால், "உங்க டிவைஸ் லாக் ஆகியிருக்கு, ஆக்டிவேஷன் சார்ஜ் கட்டணும்" என்பார்கள். சிலர் போனைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, வங்கிக் கணக்கு வரை போய்விடுவார்கள்.

தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்டிக்கைப் பதிவு செய்யவோ ஆக்டிவேட் செய்யவோ தனிக் கட்டணம் கிடையாது. சந்தா வேறு, ஆக்டிவேஷன் வேறு. இணைய முகவரியைத் தேடாமல், திரையில் காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் அல்லது திரையில் இருக்கும் முகவரியை அப்படியே டைப் செய்யுங்கள். ஓடிபி-யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் செய்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஸ்டிக் வாங்கி அனுப்புபவர்கள், இந்த ஒரு பத்தியையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

'எல்லா சேனலும் ஃப்ரீ' பெட்டிகள் ஆபத்தானவையா?

'ஒருமுறை வாங்கினால் போதும், வாழ்நாள் முழுக்க எல்லா ஓடிடி-யும் இலவசம்' என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் உண்டு. அதில் வரும் படங்கள் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டவை என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை பெட்டிக்குள்ளேயே இருக்கலாம்.

2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீய மென்பொருள் குறித்து எச்சரித்தது. மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சிலவற்றில் இது விற்பனைக்கு வரும் முன்பே ஏற்றப்பட்டிருக்கிறது, சிலவற்றில் செட்-அப் செய்யும்போது இறக்கும் செயலிகள் வழியாக நுழைகிறது. அப்படி நுழைந்தால் உங்கள் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்த முடியும். 2025 ஜூலையில் இதன் பின்னணியில் இருப்பவர்கள் மீது கூகுள் வழக்குத் தொடர்ந்தது. பாதிக்கப்பட்ட கருவிகள் 1 கோடிக்கும் மேல் என்று அப்போது கூறியது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிளே ப்ரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொன்னால், அறிமுகமில்லாத இடத்திலிருந்து செயலி இறக்கச் சொன்னால், 'அன்லாக்டு' என்று விளம்பரம் செய்தால், அந்தப் பெட்டியே வேண்டாம்.

சரி, கேபிளை நிறுத்தலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு மீண்டும் தொடங்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய விதி நடைமுறைக்கு வந்த பிறகு, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை என்று மாறியது. 2024 ஜூலையில் அந்த அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பையும் டிராய் நீக்கிவிட்டது. எனவே உங்கள் பில்லில் எந்தெந்தச் சேனலுக்குப் பணம் போகிறது என்பதை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்க்காத சேனல் தொகுப்புகளை எடுத்தாலே பில் குறையலாம்.

மறுபக்கம் ஓடிடி. இங்கே பலர் ஏமாறும் விஷயம் 'மொபைல் பிளான்'. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் திட்டத்தை 149 ரூபாய் ஆக்கியது. அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. டிவிக்கு அதற்கு மேல் உள்ள திட்டம் வேண்டும். மற்ற சில ஓடிடி-களிலும் இப்படி மொபைலுக்கு மட்டுமான திட்டங்கள் உண்டு. ரீசார்ஜோடு இலவசமாக வந்த சந்தா டிவியில் திறக்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். 'சந்தா கட்டினால் விளம்பரம் இருக்காது' என்றும் இனி சொல்ல முடியாது. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் முதல் இந்தியாவிலும் விளம்பரங்கள் வருகின்றன. அவை வேண்டாம் என்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். பாஸ்வேர்டை ஊரிலுள்ள அண்ணனுக்கும் அக்காவுக்கும் பகிர்வதற்கும் நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஆக, வீட்டில் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருந்து, செய்தியும் யூடியூபும் ஒன்றிரண்டு ஓடிடி-யும் போதும் என்றால் கேபிளை நிறுத்துவது லாபம். சீரியலும் காமெடி சேனலும் பாட்டு சேனலும் மாறி மாறி ஓடும் வீட்டில், அதற்காக நான்கு ஓடிடி எடுத்தால் கேபிளே மலிவு. கேபிள் வேண்டாம், ஆனால் மாதக் கட்டணமும் கூடாது என்பவர்களுக்கு, டிஷ் ஆன்டெனாவுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவழித்தால் மாதக் கட்டணம் இல்லாமல் ஓடும் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

இதைச் சொந்த அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஸ்டிக் மாட்டி, கேபிளை நிறுத்திய முதல் வாரம் அம்மா டிவி பக்கமே வரவில்லை. கேட்டதற்கு "ஒண்ணும் நல்லா இல்லப்பா" என்றார். உண்மையான காரணம் பிறகுதான் புரிந்தது. கேபிளில் ஒரு எண்ணை அழுத்தினால் சீரியல் வந்துவிடும். ஸ்டிக்கில் செயலியைத் திறந்து, புரொஃபைல் தேர்ந்தெடுத்து, தேடி, எபிசோடை அழுத்த வேண்டும். எண்களே இல்லாத அந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எங்களைக் கூப்பிட அவருக்குக் கூச்சம். மாதம் மிச்சமான சில நூறு ரூபாய்க்கு விலையாக அவருடைய மாலை நேரம் போயிருந்தது. மறு வாரமே கேபிள் திரும்ப வந்தது.

இரண்டையும் சேர்த்தே வைக்க முடியும். செட்டாப் பாக்ஸை ஹெச்டிஎம்ஐ 1-லும், ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐ 2-லும் மாட்டுங்கள். டிவி செட்டிங்கில் 'ஹெச்டிஎம்ஐ சிஇசி' என்ற வசதியை ஆன் செய்தால், ஸ்டிக் ரிமோட்டின் ஹோம் பட்டனை அழுத்தியதும் டிவி தானாகவே அந்த இன்புட்டுக்கு மாறும். சாம்சங்கில் இதற்கு 'அனிநெட் பிளஸ்', எல்ஜி-யில் 'சிம்ப்ளிங்க்' என்று பெயர். அடிக்கடி பார்க்கும் செயலிகளை முகப்பில் முதல் வரிசைக்கு நகர்த்துங்கள். ரிமோட்டில் மைக் இருந்தால், அதை அழுத்திப் பேசித் தேடப் பழக்குங்கள். 'சோர்ஸ்' பட்டன் மீது ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால்கூடப் போதும், தடுமாற்றம் பாதி குறையும்.

குழந்தைகள் இருந்தால்?

2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி-யில் வரும் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் என்று குறிக்கப்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். வசதி இருக்கிறது, ஆனால் அதை ஆன் செய்ய வேண்டியது நாம்தான். ஒவ்வொரு செயலியிலும் குழந்தைக்குத் தனி புரொஃபைல் உருவாக்கி, பெரியவர்களின் புரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்கள். பிரைம் வீடியோ போன்றவற்றில் சில படங்களுக்குத் தனியாக வாடகை உண்டு. தெரியாமல் குழந்தை அழுத்திவிட்டால் பணம் போகும். வாங்குவதற்கான பின் நம்பரையும் மறக்காமல் அமையுங்கள். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் 'ஆட்டோபிளே'யை அணைத்தால், "இதோட போதும்" என்று சொல்வதும் கொஞ்சம் சுலபமாகும்.

தானாகப் போகும் பணத்தை நிறுத்துவது எப்படி?

ஒரு மாத இலவசச் சலுகைக்காகக் கொடுத்த ஆட்டோபே, மறந்த பிறகும் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். டிவியில் செயலியை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. செயலியின் கணக்குப் பகுதியில் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போனால் எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும், அங்கேயும் ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்-ஐப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஸ்டிக் மெதுவாக ஓடினால்?

முதல் வைத்தியம், பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டுவது. பிறகு பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, மற்றவற்றின் கேச்சை அழியுங்கள். ஸ்டிக்கில் இடம் குறைவு என்பதால் நிறையச் செயலி நிரப்பினால் திணறும். தொட்டால் அதிகமாகச் சுடுகிறது என்றால், டிவிக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி நீட்டிப்பு ஒயரில் தொங்கவிடுங்கள். எல்லா செயலியும் சுற்றினால் வைஃபை பிரச்சினை. ஒரே ஒரு செயலி மட்டும் சுற்றினால், பெரும்பாலும் பிரச்சினை அந்தச் செயலியில்தான். ஸ்டிக்கை விற்கும்போதோ, யாருக்காவது கொடுக்கும்போதோ கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கில் அவர்கள் படம் பார்ப்பார்கள், வாடகைப் பணம் உங்களிடம் போகும்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் ஒயர் அறுந்தால் ஸ்டிக்கில் ஒன்றும் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போனதைப் பார்த்தோம். புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் செய்திக்கு ஸ்டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, ஸ்டிக் வந்த அன்றே கேபிளை நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் ஓடவிட்டு, வீட்டில் யார் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். மாத முடிவில் செட்டாப் பாக்ஸ் ரிமோட் எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை என்றால், கேபிள்காரருக்கு போன் செய்யலாம். அது இன்னமும் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தால், விட்டுவிடுங்கள்!